மலைக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

கிரேக்கப் பாடகர் நிகோஸ் க்ஸிலூரிஸைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இரண்டாவது பத்திக்குள் “மண்ணின் குரல்” என்று எழுதிவிடுகிறார்கள். கிரீட் தீவின் மலையூரில் பிறந்தவர், ஆடு மேய்க்கும் ஊர், அண்ணன் தம்பி மூவரும் இசைக்காரர்கள், அடர்ந்த மீசை, கையில் லீரா என்ற தந்தி வாத்தியம். இவ்வளவும் ஒரே ஆளிடம் அமைந்துவிட்டால் பாவம், எழுதுகிறவர்தான் என்ன செய்வார்? எனக்கு மட்டும் அந்தத் தொடரைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. எந்த மண்?

அவர் 1936-ல் பிறந்த அனோயியா, தீவின் நடுப்பகுதியில் ப்ஸிலோரிடிஸ் மலையின் வடக்குச் சரிவில் இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னதும் கிரேக்கர்களின் நாவில் முதலில் வருகிற பாட்டோ அந்த மலையில் பிறந்ததே இல்லை. அது தீவின் மேற்கே, வெள்ளை மலைகளின் அடிவாரத்து ஊர்களில் பாடப்படும் ரிஸீதிகா வகைப் பாட்டு. இரண்டு இடங்களுக்கும் நடுவே தீவின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடக்கிறது. சமவெளியில் இது ஒரு தூரமே அல்ல. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போனால் பேச்சும் ஆட்டமும் மாறிவிடுகிற மலைத்தீவில் அது ஏறக்குறைய வேறு நாடு. மண்ணின் குரல் என்று புகழப்படுகிறவர் தன் உச்சத்தில் பாடியது அடுத்தவர் மண்ணின் பாட்டை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்கிற எந்தக் கட்டுரையும் எனக்குப் பாதியில் நின்றுவிட்டதாகவே படுகிறது.

இந்த எண்ணத்தை என் தலையில் ஏற்றிவிட்டவர் ஒரு கப்பலின் சீஃப் எஞ்சினியர். கிரேக்க நிறுவனம் ஒன்றின் சரக்குக் கப்பலில் நான் ஃபோர்த் எஞ்சினியராக வேலை பார்த்த காலம். அதிகாரிகளில் பாதிப் பேர் கிரேக்கர்கள். மற்றவர்கள் எங்களைப் போன்ற இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். சீஃப் கிரீட்காரர் என்று தெரிந்ததும், அவர் மகிழ்வார் என்று நினைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ்ஸில் க்ஸிலூரிஸின் அந்தப் பாட்டை ஓடவிட்டேன். அவர் ரொட்டியைத் துண்டாக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “நல்ல குரல். அதில் சந்தேகமில்லை” என்றார். பிறகு, “ஆனால் அனோயியாக்காரன். இது எங்கள் பாட்டு. இதை யாரும் இப்படிப் பாடுவதும் இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஹனியாவுக்குத் தெற்கே, வெள்ளை மலைகளின் காலடியில் இருக்கும் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்.

ஊர்ப்பெருமை என்று முதலில் ஒதுக்கிவைத்தேன். எந்த நாட்டுக்குப் போனாலும் பக்கத்து ஊர்க்காரனுக்குச் சமைக்கத் தெரியாது, பாடத் தெரியாது என்று சொல்கிற ஒருவர் இருப்பார். ஆனால் மேற்கு கிரீட்காரர்களுக்கு இசை விஷயத்தில் உண்மையாகவே ஒரு புண் உண்டு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அவர்கள் பக்கத்தில், முக்கியமாகக் கிஸ்ஸாமோஸ் வட்டாரத்தில், தலைமுறை தலைமுறையாக வயலின்தான் திருமண வீடுகளை ஆட்டிவைத்தது. 1950-களில் ஏதென்ஸ் வானொலியில் நாட்டுப்புற இசைப் பிரிவின் பொறுப்பில் இருந்த சீமோன் காராஸ், கிரீட்டின் அசல் கருவி லீராதான், வயலின் வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டி, கிரீட் இசை நிகழ்ச்சிகளில் வயலினுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார். எது மரபு என்பதைத் தலைநகரத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தால் வாழ்ந்தவர்கள் நடுப்பகுதியின் லீராக்காரர்கள். சீஃபின் சிடுசிடுப்பில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

டாங்கோ வாசித்த லீரா

க்ஸிலூரிஸின் சிறுவயதைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1944 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, கிரீட்டின் ஜெர்மன் தளபதி ம்யூலர், அனோயியாவைத் தரைமட்டமாக்கும்படியும், ஊருக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அகப்படும் ஆண்கள் அனைவரையும் கொல்லும்படியும் ஆணையிட்டான். கடத்தப்பட்ட ஜெர்மன் தளபதி க்ரைப்பேயைக் கொண்டுபோனவர்கள் இந்த ஊர் வழியாகச் சென்றது ஆணை சொன்ன காரணங்களில் ஒன்று. ஊர் எரிந்தது. அந்த ஆணையின் வாசகத்தை அனோயியாக்காரர்கள் பின்னால் கல்லில் வெட்டித் தங்கள் ஊரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரியின் கட்டளையைத் தன் செலவில் செதுக்கி வைத்துக்கொள்ளும் ஊர் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நிகோஸுக்கு அப்போது எட்டு வயது. குடும்பம் கீழே இருந்த ஊர்களில் தஞ்சம் புகுந்து, போர் முடிந்த பிறகு சாம்பலுக்குத் திரும்பியது. அதன் பிறகுதான் பையன் லீரா கேட்டு அடம்பிடித்தான். தந்தைக்கு விருப்பமில்லை, பள்ளி ஆசிரியர் பரிந்து பேசித்தான் வாங்கிக்கொடுத்தார் என்று சொல்வார்கள்.

லீரா மூன்று தந்திக் கருவி. பேரிக்காய் வடிவம். முழங்கால் மீது நிறுத்தி வைத்து வில்லால் இழைப்பார்கள். தந்தியை மேலிருந்து அழுத்துவதில்லை. நகத்தைப் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துச் சுரம் எடுப்பார்கள். நம் சாரங்கிக்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அதனாலேயே சாரங்கி கேட்டுப் பழகிய காதுக்கு லீராவின் வழுக்கலும் கீறலும் உடனே நெருக்கமாகிவிடும். தாளத்துக்கு நீண்ட கழுத்துள்ள லவுத்தோ என்ற தந்தி வாத்தியம். அனோயியாவில் இந்த இரண்டும் இல்லாமல் திருமணமில்லை, ஞானஸ்நானமில்லை. ஓரிரண்டாயிரம் பேர் வசிக்கும் ஒரு மலையூர் க்ஸிலூரிஸ் சகோதரர்களோடு நிற்காமல் வஸிலிஸ் ஸ்கூலாஸ், லுதோவிகோஸ் என்று வரிசையாகப் பாடகர்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

17 வயதில் நிகோஸ் மலையிறங்கி ஹெராக்ளியனுக்குப் போனார். “காஸ்த்ரோ” என்ற கேளிக்கை விடுதியில் வேலை. அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 1950-களின் நகரத்துக்காரர்களுக்கு லீரா என்றால் பட்டிக்காடு. அவர்கள் ஐரோப்பிய நடனம் ஆட வந்தவர்கள். பையன் என்ன செய்தார்? டாங்கோ, வால்ட்ஸ், ரும்பா, சம்பா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அவற்றை லீராவிலேயே வாசித்தார். முதலில் அவர்களை அவர்கள் ஆட்டத்துக்கு ஆடவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஊர் ஆட்டத்துக்கு இழுத்துவந்தார். பிழைப்புக்காகச் செய்ததுதான். இருந்தாலும் மண்ணின் குரல் என்று எழுதுகிறவர்கள் இந்த டாங்கோவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. பிறந்த ஊரின் இசையை மட்டும் பாதுகாத்து வைத்திருக்கும் பெட்டகமாக அவர் எந்த வயதிலும் இருந்ததில்லை. வேற்றுச் சரக்கைத் தன் வில்லில் ஏற்றிப் பார்க்கிற துணிச்சல் தொடக்கத்திலேயே இருந்தது. பிற்பாடு ஏதென்ஸில் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்த விடுதியில்தான் விழுந்தது என்பது என் கட்சி.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1958-ல் முதல் இசைத்தட்டு. விற்காமல் போனால் அத்தனையையும் தானே வாங்கிக்கொள்வதாக ஒரு கிரீட்காரர் உறுதி கொடுத்த பிறகே நிறுவனம் ஒத்துக்கொண்டது என்ற கதை உண்டு. தட்டு நன்றாகவே விற்றது. அதே ஆண்டில் வசதியான வீட்டுப் பெண்ணான உரானியாவை, வீட்டாரின் சம்மதத்துக்குக் காத்திராமல் கூட்டிப்போய்த் திருமணம். 1966-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நாட்டுப்புற இசை விழா, முதல் பரிசு. 1969-ல் ஒரு நெசவுக்காரியைப் பற்றிய பாட்டு பெரும் வெற்றி. அப்புறம் ஏதென்ஸ்.

ஈஸ்டர் விருந்து

கிரேக்கக் கப்பலில் ஈஸ்டர் என்றால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டுக்குட்டி வாட்டியாக வேண்டும். பின்தளத்தில் பாதியாக வெட்டிய ஒரு எண்ணெய்ப் பீப்பாயில் கரி போட்டு, பிலிப்பைன்ஸ் சமையல்காரர் காலையிலிருந்தே கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேப்டன் ஆளுக்கு ஒரு குவளை திராட்சை மதுவுக்கு அனுமதி கொடுத்திருந்தார். சாப்பாடு முடியும் தறுவாயில், யாரும் கேட்காமலே, சீஃப் மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு பாட ஆரம்பித்தார். நான் மெஸ்ஸில் போட்ட அதே பாட்டுதான் அது என்று முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு அசையை எடுத்தால் அதை விடுவதற்கு மனமில்லாமல் நீட்டி, வளைத்து, மூச்சு தீருகிற இடத்தில் நடுச்சொல்லில் வெட்டி நிறுத்தி, மீண்டும் அதே சொல்லின் மிச்சத்திலிருந்து எடுத்தார். தாளம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு வரி முடிந்ததும் நிறுத்திவிட்டார். எஞ்சினின் அதிர்வு மட்டும் மேசையில் கேட்டது. மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். பிறகு அதே வரியை, அதே நிதானத்தில், கொஞ்சம் உரத்த குரலில் முதலிலிருந்து பாடினார். அடுத்த வரி. மீண்டும் நிறுத்தம். மீண்டும் அதே வரி.

நான்கைந்து வரியோடு நிறுத்திக்கொண்டார். “நடுவில் ஏன் நிறுத்தினீர்கள், சீஃப்?” என்று கேட்டேன். “எதிர்ப்பக்கம் பாட வேண்டும். இங்கே எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள்? நீயா?” என்றார்.

ரிஸீதிகா அப்படித்தான் அமைந்திருக்கிறது. கருவி கிடையாது, ஆட்டம் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வார்கள். ஒரு கட்சி வரியை எடுக்கும். மறு கட்சி அதையே வாங்கித் திருப்பிப் பாடும். வழிநடையாகப் பாடுகிற வகையும் உண்டு. மணமகளை அழைத்துவரப் போகும்போது பாடுவார்கள். மெட்டுகள் சில பத்துகள்தான். பாட்டுகளோ ஏராளம், ஒரே மெட்டில் வெவ்வேறு பாட்டுகள் குடியிருக்கும். ஒருவர் தனியாகச் சிறப்பாகப் பாடிக் கைத்தட்டு வாங்குவதற்கு அதில் இடமே இல்லை. சொன்னதை ஒருவர் கேட்டார், கேட்டதை ஏற்றுத் திருப்பிச் சொன்னார் என்பதுதான் பாட்டின் உடம்பு. சீஃப் என்னிடம் “இப்படிப் பாடுவதில்லை” என்று சொன்னதன் பொருள் எனக்கு அந்த நிறுத்தங்களில்தான் விளங்கியது. இசைத்தட்டில் இருப்பது ஒரு மனிதரின் குரல். முன்னால் நிற்கும் குரல், பின்னால் வாத்தியக்குழு. மேசை கலைக்கப்பட்டு மேடையாகிவிட்டது.

அப்போதுதான் பாட்டு என்ன சொல்கிறது என்பதையும் கேட்டேன். வானம் எப்போது தெளியும், பிப்ரவரி எப்போது வரும் என்று தொடங்குகிறது. பனி விலகினால் துப்பாக்கியையும் தோட்டா வாரையும் எடுத்துக்கொண்டு ஓமலோஸ் மேட்டுநிலத்துக்கு, முசூரோ குடும்பத்தாரின் பாதைக்கு இறங்கிப்போக வேண்டும். போய்? தாய்மார்களைப் பிள்ளையில்லாதவர்கள் ஆக்க வேண்டும். மனைவிகளைக் கணவனில்லாதவர்கள் ஆக்க வேண்டும். இரவில் தண்ணீருக்கும் விடியலில் பாலுக்கும், பொழுது புலர்ந்ததும் அம்மாவுக்குமாகக் குழந்தைகளை அழவைக்க வேண்டும். துருக்கியர் காலத்துக் கலகப் பாட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. சீஃப் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “பகை முடிக்கப் போகிறவனின் பாட்டு. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் பகை. முசூரோ என்பது துருக்கியப் பெயரா?” என்றார். வீட்டுக்கு வீடு வஞ்சம் தீர்த்து ஊர்களே காலியான வட்டாரத்தில் வளர்ந்த மனிதரின் விளக்கம் அது. அவரோடு இதில் வாதிட எனக்குத் தகுதியில்லை.

எதிர்ப்பக்கம்

1971-ல் வெளிவந்த “ரிஸீதிகா” தட்டை உருவாக்கியவர் யானிஸ் மார்கோபுலோஸ். அதற்கு முன்பே அவருடைய “ஹ்ரோனிகோ” தட்டில் க்ஸிலூரிஸ் பாடியிருந்தார். மார்கோபுலோஸ் ஹெராக்ளியனில் பிறந்து, தீவின் தென்கிழக்கில் இருக்கும் இயராபெத்ராவில் வளர்ந்தவர். ஆக, மேற்கின் பாட்டு, கிழக்கில் வளர்ந்த இசையமைப்பாளர், நடுவின் பாடகர், ஏதென்ஸின் ஒலிப்பதிவுக் கூடம். பிரான்ஸின் ஷார்ல் க்ரோ அகாடமி அதற்குப் பரிசும் கொடுத்தது. மண்வாசனை என்று நாம் முகர்ந்து மகிழ்வது எத்தனை கை மாறி வந்திருக்கிறது பாருங்கள்.

ஆனால் சீஃப் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அவரிடம் நான் வாதிட்டதும் அதைத்தான். அந்தத் தட்டு எந்த ஏதென்ஸில் வந்தது? 1967 ஏப்ரல் 21 முதல், அரசைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பிடித்த இராணுவக் கர்னல்களின் ஆட்சி. அவர்கள் வந்த சில வாரங்களிலேயே இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடோராகிஸின் பாட்டுகளைப் பாடுவதும் கேட்பதும் குற்றம் என்று இராணுவ ஆணை போட்டுவிட்டார்கள். நாட்டுப்புறப் பாட்டின் மீது அவர்களுக்கு அப்படிப் பகை இல்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறிய பாசம். விளையாட்டரங்குகளை நிரப்பி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பழங்கால உடை மாட்டிவிட்டு, கிரேக்க வீரம் என்று விழா எடுத்தவர்கள் அவர்கள். மலைப்பாட்டும் ஆட்டமும் தேசபக்தி என்று தாங்களே பறைசாற்றிவிட்டதால், ஒரு மலைப்பாட்டை ஒருவன் பாடினால் அதைத் தடுக்க அவர்களுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் இந்தப் பாட்டு உள்ளே நுழைந்தது. ஏதென்ஸின் ப்லாக்கா பகுதியில் இருந்த சிறிய இசை அரங்குகளில் மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். வானம் எப்போது தெளியும் என்று கேட்டால் யார் அதைக் குற்றம் என்று சொல்ல முடியும்? தெளிய வேண்டிய வானம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1973 கோடையில் காம்பனெலிஸ் எழுதிய “நம் பெரிய சர்க்கஸ்” நாடகம் ஏதென்ஸில் தொடங்கியது. ஸ்தவ்ரோஸ் ஸர்காகோஸ் இசை. மேடையில் ஜென்னி கரேஸியும் கோஸ்தாஸ் கஸாகோஸும், பாடியவர் க்ஸிலூரிஸ். கிரேக்க வரலாறு என்ற பெயரில் கர்னல்களைத்தான் கேலி செய்கிறார்கள் என்பது ஆட்சிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கரேஸியைச் சிறையில் போட்டார்கள். நாடகம் நடந்த அதே பட்டிசியோன் தெருவில்தான் பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. நவம்பர் 14 அன்று மாணவர்கள் உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். 17-ஆம் தேதி அதிகாலையில் டாங்கி அந்த வாயிற்கதவை இடித்துத் தள்ளியது. இதற்கு நடுவில் க்ஸிலூரிஸ் உள்ளே போய் மாணவர்களோடு நின்று பாடினார்.

அங்கே ரிஸீதிகாவுக்கு அது இழந்த எதிர்ப்பக்கம் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். மேசையிலிருந்து பிடுங்கி மேடையில் வைக்கப்பட்ட பாட்டை, ஓமலோஸ் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத மாணவர் கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடியது. சீஃபின் ஊரில் ஏழெட்டுப் பேர் செய்ததை இங்கே ஆயிரம் பேர் செய்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கிரீட்காரர்கள் என்று கேட்பதில் பொருளில்லை. பாட்டின் இலக்கணம் கேட்பது ஒன்றைத்தான்: சொன்னவனுக்கு மறுபக்கத்திலிருந்து அதே சொல் திரும்பி வர வேண்டும். வந்தது. இதை நான் சொன்னபோது சீஃப் சிரித்துவிட்டு, “மெட்டு தப்பு” என்றார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. என்னை உறுத்திக்கொண்டிருப்பது மெட்டல்ல. இன்றும் ஒவ்வொரு நவம்பர் 17 அன்றும் கிரேக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். முதலிரண்டு வரியில் வானம் தெளிகிறது. ஐந்தாவது வரிக்குள் அடுத்த வீட்டுக் குழந்தை தாயில்லாமல் அழுகிறது. விடுதலைப் பாட்டுகள் பலவும் இரத்தம் கேட்பவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலுக்கு அழும் குழந்தையை இவ்வளவு துல்லியமாக, விடியலா நள்ளிரவா என்று பொழுது குறித்துச் சொல்லும் பாட்டை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அந்த வரிகளை க்ஸிலூரிஸ் பாடும் விதத்தில் வெறி இல்லை, அழுகையும் இல்லை. குரல் நிமிர்ந்து நேராகப் போகிறது. உச்சத்தில் கொஞ்சம் உலோகம் ஒலிக்கிறது. செய்யப்போவதைச் சொல்கிறவனின் குரலா, செய்யப்பட்டதைப் பார்த்தவனின் குரலா என்று பிரித்தறிய முடியவில்லை. எட்டு வயதில் தன் ஊர் எரிந்ததைக் கண்டவர் அந்த வரிகளில் எந்தப் பக்கம் நின்று பாடினார்? ஒரு நாள் துப்பாக்கிக்காரனின் பக்கம் என்று படுகிறது. இன்னொரு நாள் குழந்தையின் பக்கம் என்று படுகிறது.

தம்பிகள்

1980 பிப்ரவரி 8-ஆம் தேதி புற்றுநோயில் க்ஸிலூரிஸ் இறந்தபோது வயது 43. ஏதென்ஸின் முதல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அனோயியாவில் அவர் பிறந்த வீடு இப்போது காபிக்கடையும் நினைவகமுமாக இருக்கிறது.

இசைக்குடும்பம் என்றால் பொதுவாக என்ன நடக்கும்? மூத்தவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடப்பார்கள். குரலில் ஜாடை இருந்தால் அதுவே சொத்து. அண்ணன் விட்ட நாற்காலி காலியாக இருக்கிறது, நாடு முழுவதும் அழுதுகொண்டிருக்கிறது, தம்பி அதே பாட்டுகளை அதே மாதிரிப் பாடினாலே ஆயுளுக்கும் சோறு. ஆனால் அடுத்த தம்பி அந்தோனிஸ், எல்லோரும் ப்ஸாராந்தோனிஸ் என்று அழைப்பவர், அந்த நாற்காலியின் பக்கமே போகவில்லை. அண்ணனுக்குத் தெளிந்த குரல் என்றால் தம்பிக்குத் தொண்டைக்குள் கல் உருளும். லீராவை அவர் வாசிப்பது வாசிப்பா சண்டையா என்று தெரியாது. வில் தந்தியை விட்டு நழுவும், மூச்சு மைக்கில் கேட்கும், சொற்கள் பாதியில் உறுமலாகிவிடும். அண்ணனை நேசித்த பலருக்கு இவரைக் கேட்கவே முடியவில்லை. பிறகு காலம் மாறி, 2009-ல் நிக் கேவ் தொகுத்து வழங்கிய ஆஸ்திரேலிய ராக் இசை விழா ஒன்றில் வெள்ளைத்தாடியோடு மேடையேறினார். இளையவர் யானிஸ் லவுத்தோவில் கைதேர்ந்தவர். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். அந்தோனிஸின் மகன் யோர்கிஸ், சித்தப்பாவைப் போல லவுத்தோவை எடுத்துக்கொண்டார். பக்கவாத்தியமாகவே இருந்த அதை முன்வரிசைக்கு இழுத்துவந்து, ஜிம் வைட் என்ற ஆஸ்திரேலிய டிரம்ஸ்காரரோடு சேர்ந்து 2014-ல் “ஆடுகள்” என்ற தொகுப்பை வெளியிட்டார். இரண்டே பேர். பாட்டு குறைவு, ஓட்டம் அதிகம்.

ஒருவர் மேற்கு மலையின் பாட்டை எடுத்தார். ஒருவர் தன் தொண்டைக்குள்ளேயே இறங்கிப்போனார். ஒருவர் ஆஸ்திரேலியாவில் கூட்டாளி தேடினார். மூவருமே அனோயியாவின் திருமண வீடுகளில் விடியவிடிய வாசித்து வளர்ந்தவர்கள். இந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்னவென்று கேட்டால் குரல் என்றோ மெட்டு என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. மணிக்கணக்கில் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே வாசிக்கிற பழக்கம் அது என்று வேண்டுமானால் சொல்வேன். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு எதிரே ஹெராக்ளியனின் டாங்கோக்காரர்கள் இருந்தாலும் ஒன்றுதான், ஏதென்ஸின் மாணவர்கள் இருந்தாலும் ஒன்றுதான்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேராக 1971-க்குப் போகாதீர்கள். முதலில் 1958 காலத்துப் பாட்டுகள்; லீராவும் லவுத்தோவும் குரலும் மட்டுமே உள்ளவை. அவற்றில் அடிக்குப் பதினைந்து அசை கொண்ட மாந்தினாதா என்ற ஈரடிப் பாட்டுகளை அவர் எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று காது பழகட்டும். பிறகு, மேற்கு கிரீட்டின் சிற்றூர்களில் முதியவர்கள் மேசையைச் சுற்றிப் பாடிய ரிஸீதிகா ஒலிப்பதிவுகளில் ஒன்றிரண்டு. ஒரு வரி நகர்வதற்குள் பொறுமை போய்விடும், பரவாயில்லை. அதன் பிறகு மார்கோபுலோஸின் தட்டைப் போட்டால் என்ன எடுக்கப்பட்டது, என்ன விடப்பட்டது என்பது தானாகத் தெரியும். ப்ஸாராந்தோனிஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பகலில் கேளுங்கள். நான் ஓர் இரவு ஸ்பீக்கரில் போட்டதற்கு, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.